லாக் எல்லாம் மெயின்ல போய் விழுது, ஆடிட் லாக் காணவே காணோம்: இன்டெக்ஸ் பேரு எங்க ஒட்டுது?

உங்க கேள்விய முதல்ல என் வார்த்தைல ஒரு தடவ சொல்லிடறேன், தப்பா புரிஞ்சிருந்தா திருத்துங்க. லாக் எல்லாத்தையும் ஒரே இடத்துல சேர்த்துத் தேடற சாஃப்ட்வேர்தான் ஸ்ப்ளங்க், 40 லினக்ஸ் சர்வர்ல அதோட யூனிவர்சல் ஃபார்வேர்டர், அதாவது லாக்கைப் படிச்சு அனுப்பற சின்ன ப்ரோக்ராம், போட்டிருக்கீங்க, ஓஎஸ் லாக், வெப் லாக், அப்ளிகேஷன் லாக், ஆடிட் லாக்னு 4 இன்டெக்ஸ் (லாக்கைச் சேமிச்சு வைக்கற தனித்தனி இடம்) உருவாக்கிருக்கீங்க, ஆனா பாதி லாக் மெயின் இன்டெக்ஸ்லயே வந்து விழுது, ஆடிட் லாக் எங்க தேடினாலும் இல்ல, ஃபார்வேர்டர்லயே ப்ராப்ஸ்.கான்ஃப், ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்.கான்ஃப்னு லாக்கைப் பிரிக்கவும் மாத்தவும் சொல்ற செட்டிங் ஃபைல் ரெண்டும் எழுதிப் பாத்தும் ஒண்ணும் மாறல, எந்த ஃபைல்ல என்ன எழுதணும்னு கேட்டிருக்கீங்க. ஃபைல் பேரு மட்டும் சொன்னா இன்னைக்கு வேலை முடிஞ்சிடும், ஆனா அடுத்த வாரம் அஞ்சாவது இன்டெக்ஸ் சேர்க்கும்போது திரும்ப இங்கயே வந்து நிப்பீங்க. நீங்க நிஜமா தெரிஞ்சுக்க வேண்டியது, ஒரு லாக் வரிக்கு இன்டெக்ஸ் பேரு எந்த மெஷின்ல வச்சு ஒட்டப்படுது, ஒட்டினதுக்கு அப்பறம் அதை மாத்தற உரிமை யாருக்கு இருக்கு, இந்த ரெண்டுதான். ஸ்ப்ளங்க் அட்மினா வருஷக்கணக்கா இதையே பண்ணிட்டு இருக்கேன், எனக்கு வந்த ரூட்டிங் பிரச்சனைகள்ல பெரும்பாலானது இந்த ரெண்டு கேள்விலயே அவிழ்ந்திருக்கு.

ஒரு ஃபைலை ஃபார்வேர்டர் படிக்க ஆரம்பிக்கும்போதே அதுல இருந்து போற டேட்டா மேல 4 சீட்டு ஒட்டிடும். எந்த ஹோஸ்ட் (சர்வர்), எந்த சோர்ஸ் (ஃபைல்), என்ன சோர்ஸ்டைப் (லாக்கோட வகை), எந்த இன்டெக்ஸ். இந்த நாலும் இன்புட்ஸ்.கான்ஃப்ல அந்த ஃபைலுக்கான ஸ்டான்ஸால (சதுர அடைப்புல தலைப்பு போட்டு எழுதற செட்டிங் பகுதி) இருந்து வருது. லாக்கை வாங்கிச் சேமிக்கற இன்டெக்ஸர் அந்தப் பக்கம் வாங்கும்போது சீட்டுல என்ன பேரு இருக்கோ அந்த இன்டெக்ஸ்ல கொண்டு போய் வைக்கும், அது யோசிக்கறது எல்லாம் இல்ல. இன்டெக்ஸ்னு வரியே எழுதலன்னா டீஃபால்ட் இன்டெக்ஸ்க்குப் போகும், அதுக்குப் பேருதான் மெயின். அதனால ஒரு லாக் மெயின்ல வந்து விழுந்திருக்குன்னா அந்த ஸ்டான்ஸால இன்டெக்ஸ் வரி இல்ல, இல்லன்னா நீங்க எழுதின வரி ஓடிட்டு இருக்கற கான்ஃபிக்ல வந்து சேரல, ரெண்டுல ஒண்ணு. இது உறுதி, இதுல சந்தேகமே வேண்டாம்.

இப்ப ஃபார்வேர்டர்ல எழுதின ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் ஏன் வேலை செய்யலங்கறதும் உறுதியாவே சொல்லலாம். யூனிவர்சல் ஃபார்வேர்டர் லாக்கை வரி வரியா பிரிச்சுப் பாக்கறதே இல்ல. ஃபைல்ல இருந்து துண்டு துண்டா எடுத்து, சீட்ட ஒட்டி, அப்படியே அனுப்பிடும், அதனாலதான் அது அவ்வளவு லேசா ஓடுது. இது ஒரு ஈவன்ட், இது அடுத்த ஈவன்ட்னு பிரிக்கறது, டைம்ஸ்டாம்ப் எடுக்கறது, ரெஜெக்ஸ் (எழுத்துக்குள்ள தேடற ஒரு வடிவக் குறியீடு) வச்சு உள்ள பாத்து இன்டெக்ஸை மாத்தறது எல்லாம் பார்சிங்ங்கற கட்டத்துல நடக்கும், அந்தக் கட்டம் வழக்கமா இன்டெக்ஸர்லதான் இருக்கு. நீங்க ரெஜெக்ஸ் சரியாவே எழுதிருக்கலாம், எழுதின மெஷின் தப்பு. சிஎஸ்வி, ஜேசன் மாதிரி கட்டமைப்பு இருக்கற ஃபைலுக்கு இன்டெக்ஸ்டு எக்ஸ்ட்ராக்‌ஷன்ஸ் ஆன் பண்ணா மட்டும் ஃபார்வேர்டரே பார்ஸ் பண்ணும், அது தனிக் கதை, உங்களோடது சாதாரண டெக்ஸ்ட் லாக்குங்கறதால அங்க போக வேண்டாம்.

நீங்க சொல்லாத ஒரு விஷயம் இங்க முக்கியம், நடுவுல ஹெவி ஃபார்வேர்டர் ஏதாவது இருக்கா? ஹெவி ஃபார்வேர்டர்ங்கறது முழு ஸ்ப்ளங்க், அது பார்சிங்கை அங்கயே முடிச்சிட்டுத்தான் அனுப்பும், அதுக்கு அப்பறம் இன்டெக்ஸர் திரும்ப பார்ஸ் பண்ணாது. அப்படி ஒண்ணு வழில உக்காந்திருந்தா நீங்க இன்டெக்ஸர்ல என்னதான் அழகா ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் எழுதினாலும் அந்த டேட்டாவை அது தொடாது. லாக் போற வழில முதல்ல வர்ற முழு ஸ்ப்ளங்க் எதுவோ அங்கதான் எழுதணும். நெட்வொர்க் டீம் ஃபயர்வால் தாண்டறதுக்காக எப்பவோ நடுவுல ஒண்ணு வச்சிட்டு யார்கிட்டயும் சொல்லாம போயிருப்பாங்க, அதனால ஃபார்வேர்டரோட அவுட்புட்ஸ்.கான்ஃப்ல எந்த ஐபிக்கு அனுப்புதுன்னு பாத்துட்டு, அந்த ஐபி உண்மையில இன்டெக்ஸரோடதுதானான்னும் ஒரு தடவ சரி பாருங்க.

அவுட்புட்ஸ்னதும் இதையும் சொல்லிடறேன், பல பேரு குழப்பிக்கறது. அவுட்புட்ஸ்.கான்ஃப் எந்த மெஷினுக்கு, எந்த போர்ட்டுக்கு அனுப்பணும்னு மட்டும்தான் சொல்லும், வழக்கமா 9997. டிசிபி ரூட்டிங்னு இன்புட் ஸ்டான்ஸால ஒரு செட்டிங் இருக்கு, அதுவும் எந்த இன்டெக்ஸர் குரூப்புங்கறதுக்குத்தான். இன்டெக்ஸுக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது. வண்டி எந்த ஊருக்குப் போகுதுங்கறது வேற, பொட்டி மேல யார் பேரு எழுதிருக்குங்கறது வேற.

ஆக என்னோட சிபாரிசு, முடிஞ்ச வரைக்கும் இன்டெக்ஸை இன்புட்ஸ்.கான்ஃப்லயே முடிவு பண்ணுங்க, ஒவ்வொரு ஸ்டான்ஸாலயும் இன்டெக்ஸ், சோர்ஸ்டைப் ரெண்டையும் கைப்பட எழுதுங்க, டீஃபால்ட்டுக்கு விடாதீங்க. ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்ங்கறது ஒரே ஃபைல்ல ரெண்டு விதமான லாக் கலந்து வந்தா மட்டும் எடுக்க வேண்டிய ஆயுதம். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, நாளைக்கு வேற ஒருத்தர் வந்து இந்த லாக் ஏன் இங்க போகுதுன்னு தேடும்போது இன்புட்ஸ்ல இருந்தா 2 நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாரு, இன்டெக்ஸர்ல எங்கயோ ஒரு ரெஜெக்ஸ்ல ஒளிஞ்சிருந்தா அரை நாள் போயிடும்.

ஸ்டான்ஸா எழுதும்போது கண்ணுக்கு தெரியாம போற ஒரு விஷயம் ஸ்லாஷ். சதுர அடைப்புக்குள்ள மானிட்டர்னு எழுதி, கோலன் போட்டு, அப்பறம் 3 ஸ்லாஷ் வரணும். முதல் 2 ஸ்லாஷ் ஸ்ப்ளங்க்கோட எழுத்து முறை, மூணாவது லினக்ஸ் பாத்தோட சொந்த ஸ்லாஷ். 2 ஸ்லாஷ் மட்டும் போட்டுட்டு ஏன் படிக்கலன்னு உக்காந்திருந்தவங்களை நிறைய பாத்திருக்கேன். அடுத்து டிசேபிள்டுங்கற வரி 0 தானான்னு பாருங்க, ரெடிமேடா டவுன்லோட் பண்ற ஆட் ஆன்கள்ல இன்புட்ஸ் எல்லாம் பெரும்பாலும் 1னு அணைச்சு வச்சுத்தான் வரும். இன்னொண்ணு, ஸ்ப்ளங்க்ல ஆப்ங்கறது கான்ஃபிக் ஃபைல்களைக் கட்டி வைக்கற ஃபோல்டர், எந்த ஆப்லயும் டீஃபால்ட் ஃபோல்டர்ல கை வைக்காதீங்க, லோக்கல் ஃபோல்டர்ல எழுதுங்க, ஆப்பை அப்டேட் பண்ணா டீஃபால்ட்ல எழுதினதெல்லாம் போயிடும்.

உங்களுக்கு "பாதி" மட்டும் மெயின்ல விழுதுன்னு சொன்னீங்கல்ல, அந்தப் பாதிதான் எனக்கு முக்கியமான துப்பு. மொத்தமும் விழுந்திருந்தா கான்ஃபிக் போய்ச் சேரவே இல்லன்னு முடிச்சிருப்பேன். பாதின்னா, ரெண்டு இடத்துல எழுதினது ஒண்ணோட ஒண்ணு மோதுதுன்னு நினைக்கறேன், இது ஊகம்தான், ஆனா அடிக்கடி பலிக்கற ஊகம். மோதல் ரெண்டு விதம். ஒண்ணு, லினக்ஸ் லாக் எல்லாம் இருக்கற வார் லாக் டைரக்டரி மொத்தத்துக்கும் ஒரு ஸ்டான்ஸா, அதுக்குள்ள இருக்கற செக்யூர் ஃபைலுக்குத் தனியா இன்னொரு ஸ்டான்ஸா. ஸ்டான்ஸா பேரு வேற வேறயா இருந்தா எது இன்னும் குறிப்பா சொல்லுதோ அதோட செட்டிங்தான் அந்த ஃபைலுக்கு எடுபடும், அதனால இது தப்பில்ல, ஆனா ரெண்டுலயும் ஸ்டார், முப்புள்ளினு வைல்டுகார்டு போட்டு வச்சா எது குறிப்பானதுன்னு நமக்கே புரியாம போயிடும். ரெண்டாவது விதம் ரொம்ப மோசம், ஒரே பேருல ஒரே ஸ்டான்ஸா ரெண்டு ஆப்ல இருக்கறது. அப்ப ஸ்ப்ளங்க் ரெண்டையும் ஒண்ணா கலந்துடும், ஒரே செட்டிங் ரெண்டுலயும் வேற வேற மதிப்புல இருந்தா ஆப்போட ஃபோல்டர் பேரை ஆஸ்கி வரிசைல வச்சு முன்னாடி வர்றதை எடுத்துக்கும். ஆஸ்கி வரிசைன்னா நம்பர் முதல்ல, அப்பறம் பெரிய எழுத்து, அப்பறம் சின்ன எழுத்து. இதுல லோக்கல் ஃபோல்டர் டீஃபால்ட்டை ஜெயிக்கும், எல்லாத்துக்கும் மேல சிஸ்டம் லோக்கல்ல இருக்கறது ஜெயிக்கும்.

இதை எப்படிப் பாக்கறதுன்னா பிடூல்னு ஒரு கமாண்ட் ஸ்ப்ளங்க் கூடவே வருது. ஃபார்வேர்டர் இருக்கற சர்வர்ல ஸ்ப்ளங்க் பிடூல் இன்புட்ஸ் லிஸ்ட்னு அடிச்சு கடைசில ஹைஃபன் ஹைஃபன் டீபக் சேர்த்து ஓட்டுங்க. இடது பக்கம் ஃபைல் பாத், வலது பக்கம் அந்த ஃபைல்ல இருந்து எடுத்த வரி, இப்படி ஜோடி ஜோடியா வரும். உங்க ஸ்டான்ஸாவைத் தேடி, அதுக்குக் கீழ இன்டெக்ஸ்னு ஆரம்பிக்கற ஒரே ஒரு வரிய மட்டும் பாருங்க. போன வருஷம் எங்க சர்வர் ஒண்ணுல இதே கூத்து, வெப் லாக் ஸ்டான்ஸால எல்லா வரியும் இடது பக்கம் எங்க ஆப்போட பாத்தையே காட்டுது, சோர்ஸ்டைப் எங்களோடது, டிசேபிள்டு எங்களோடது, இன்டெக்ஸ் வரி மட்டும் சிஸ்டம் லோக்கல்னு காட்டுது. யாரோ டெஸ்ட் பண்றதுக்காக அங்க கையாலயே அந்த வரிய எழுதி மெயினுக்கு அனுப்பிப் பாத்திருக்காங்க, அது அங்கயே தங்கிடுச்சு. எல்லா ஃபார்வேர்டருக்கும் ஆப்பை அனுப்பற டிப்ளாய்மென்ட் சர்வர்ல இருந்து நாங்க எத்தனை தடவ புதுசா அனுப்பினாலும் அந்த ஒரு வரி ஜெயிச்சிட்டே இருந்திருக்கு. அதை அழிச்சு ரீஸ்டார்ட் பண்ணதும் சரியாயிடுச்சு. உங்க 40 சர்வர்ல எந்தெந்த சர்வர் லாக் மெயினுக்குப் போகுதோ அதுல ரெண்டு மூணுல மட்டும் இதை ஓட்டிப் பாத்தாலே போதும், ஒரே மாதிரி காரணம் தெரிஞ்சிடும். ஆனா ஒண்ணு, பிடூல் டிஸ்க்ல எழுதிருக்கறதைத்தான் படிக்கும், ஓடிட்டு இருக்கற ப்ராசஸ் மெமரில வச்சிருக்கறதை இல்ல. பிடூல்ல சரியா இருந்தும் லாக் தப்பா போகுதுன்னா பெரும்பாலும் அந்த ஃபார்வேர்டரை ரீஸ்டார்ட் பண்ணாம விட்டிருக்கீங்கன்னு அர்த்தம். டிப்ளாய்மென்ட் சர்வர்ல சர்வர் கிளாஸ் (எந்த சர்வருக்கு எந்த ஆப் போகணும்னு சொல்ற குழு) அமைக்கும்போது ரீஸ்டார்ட் ஸ்ப்ளங்க்டிங்கற செட்டிங்கை ட்ரூ பண்ணலன்னா ஆப் போய் இறங்கிடும், ஆனா பழைய கான்ஃபிக்லயே ஓடிட்டு இருக்கும். அதே மாதிரி டிப்ளாய்மென்ட் சர்வர்ல இருந்து வந்த ஆப்பை சர்வர்ல போய் கையால திருத்தாதீங்க, அடுத்த தடவ ஆப் மாறும்போது உங்க திருத்தம் காணாம போயிடும்.

அடுத்தது ஆடிட் லாக், உங்க கேள்விலயே எனக்கு ரொம்பக் கவலையா இருக்கறது இதுதான். மெயின்ல விழற லாக் தப்பான இடத்துல இருந்தாலும் கைல இருக்கு, ஆடிட் லாக் இருக்கான்னே தெரியல. இதுக்கு 3 காரணம் இருக்கலாம், எது உங்களோடதுன்னு இங்க இருந்து என்னால சொல்ல முடியாது, ஆனா எப்படிப் பிரிச்சுப் பாக்கறதுன்னு சொல்றேன். முதல் காரணம் பர்மிஷன், என் பந்தயம் இது மேலதான். லினக்ஸ்ல ஆடிட் லாக்கை எழுதற ப்ரோக்ராமுக்குப் பேரு ஆடிட்டி, அது எழுதற ஃபைலை வழக்கமா ரூட் மட்டும்தான் படிக்க முடியும், 600 பர்மிஷன். ஃபார்வேர்டரை ரூட்டா ஓட்டாம தனி யூசர்ல ஓட்டறதுதான் நல்ல பழக்கம், புது வெர்ஷன்கள்ல இன்ஸ்டாலரே தனி யூசர் உருவாக்கிடுது, அந்த யூசருக்குத் தனியா படிக்கற அனுமதி எதுவும் இல்லன்னா இந்த ஃபைல் படிக்க வராது. ஃபார்வேர்டரோட ஸ்ப்ளங்க்டி லாக்ல பர்மிஷன் டினைடுன்னு தேடுங்க, அந்த ஃபைல் பேரோட வந்திருந்தா முடிஞ்சது. இதுக்கு ஒரு ஃபைலுக்கு மட்டும் தனி அனுமதி குடுக்கற செட்ஃபேக்ல் கமாண்ட் போட்டு சரி பண்ணிட்டேன்னு நிறைய பேரு விட்டுடுவாங்க, அன்னைக்கு வேலை செய்யும், ஆடிட்டி ஃபைலை ரொட்டேட் பண்ணி, அதாவது பழசை ஒதுக்கி வச்சிட்டு, புது ஃபைல் திறந்ததும் திரும்ப நின்னுடும். ஆடிட்டி.கான்ஃப்ல லாக் குரூப்னு ஒரு வரி இருக்கு, ஃபார்வேர்டர் யூசர் இருக்கற குரூப் பேரை அதுல போட்டு ஆடிட்டியை ரீஸ்டார்ட் பண்ணா அதுவே ஒவ்வொரு புது ஃபைலையும் அந்த குரூப் படிக்கற மாதிரி உருவாக்கும், டைரக்டரிக்கும் அந்த குரூப் உள்ள நுழைய அனுமதி இருக்கான்னு பாத்துக்கங்க. செக்யூரிட்டி டீம்கிட்ட கேட்டுட்டுப் பண்ணுங்க, ஆடிட் லாக் படிக்கற உரிமையை சும்மா யாருக்கும் குடுக்கக் கூடாது.

ரெண்டாவது காரணம் இன்டெக்ஸ் பேரு பொருந்தாதது. ஃபார்வேர்டர்ல எழுதின பேருல இன்டெக்ஸர்ல ஒரு இன்டெக்ஸ் இல்லன்னா அது மெயினுக்குப் போகாது, இதை பலரும் தப்பா நினைச்சிட்டு இருக்காங்க. இன்டெக்ஸர் அந்த ஈவன்ட்டைத் தூக்கிப் போட்டுடும், அவ்வளவுதான். இல்லாத இன்டெக்ஸுக்கு ஈவன்ட் வந்துச்சுன்னு ஒரு மெசேஜ் மட்டும் மேல பாரில காட்டும், அதை யாரும் படிக்க மாட்டாங்க. நான் ஒரு இடத்துல வேலைக்குச் சேர்ந்த புதுசுல அண்டர்ஸ்கோர் வர வேண்டிய இடத்துல ஹைஃபன் போட்டுட்டேன், ஸ்க்ரீன்ல பாத்தா பேரு ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு. ஃபார்வேர்டர் ஒழுங்கா அனுப்பிட்டு இருக்கு, கனெக்‌ஷன் பச்சையா இருக்கு, 3 நாள் ஆடிட் லாக் அந்தப் பக்கம் போய் ஒண்ணொண்ணா காத்துல கரைஞ்சிடுச்சு, நாலாவது நாள் ஒருத்தர் ஒரு லாகின் விவரம் கேட்டப்பதான் தெரிஞ்சது. சர்வர்ல ரொட்டேட் ஆகாம மிச்சம் இருந்த ஃபைல்களை மட்டும் திரும்பப் படிக்க வைக்க முடிஞ்சது, பழசு போனது போனதுதான். அன்னைல இருந்து எங்க போனாலும் நான் முதல்ல செய்யறது இன்டெக்ஸஸ்.கான்ஃப்ல லாஸ்ட் சான்ஸ் இன்டெக்ஸ்னு ஒரு செட்டிங் இருக்கு, அதுக்குன்னு ஒரு சின்ன இன்டெக்ஸ் உருவாக்கி அதோட பேரை அங்க குடுக்கறது. பேரு தெரியாம வர்ற ஈவன்ட் எல்லாம் தூக்கிப் போடாம அதுல வந்து சேரும், அந்த இன்டெக்ஸ்ல ஒரு ஈவன்ட் வந்தாலே அலர்ட் வர்ற மாதிரி வச்சிடுங்க. தயவு செஞ்சு இதை இன்னைக்கே பண்ணுங்க. இன்டெக்ஸ் பேருல பெரிய எழுத்து வரக்கூடாது, சின்ன எழுத்து, நம்பர், அண்டர்ஸ்கோர், ஹைஃபன் மட்டும்தான், அதுலயும் அண்டர்ஸ்கோர்லயோ ஹைஃபன்லயோ ஆரம்பிக்கக் கூடாது, அதனால பேரு வைக்கும்போதே ஹைஃபனே வேண்டாம், எல்லாத்துக்கும் அண்டர்ஸ்கோர்தான்னு டீம்ல ஒரு முடிவு எடுத்துட்டா நான் பட்ட பாடு உங்களுக்கு இருக்காது.

இதுலயே இன்னொரு கிளை இருக்கு. இன்டெக்ஸை எங்க உருவாக்கினீங்க? நாம தேடறதுக்கு உபயோகிக்கற மெஷின்தான் சர்ச் ஹெட், அதோட ஸ்க்ரீன்ல போய் நியூ இன்டெக்ஸ்னு உருவாக்கினா அது சர்ச் ஹெட்லதான் உருவாகும், இன்டெக்ஸர்ல உருவாகாது. இன்டெக்ஸர் ஒண்ணுக்கு மேல கிளஸ்டரா (ஒரே கூட்டமா) இருந்தா அதை நிர்வகிக்கற கிளஸ்டர் மேனேஜர்ல இன்டெக்ஸஸ்.கான்ஃப் எழுதி எல்லா இன்டெக்ஸருக்கும் ஒரே நேரத்துல தள்ளணும். தனித்தனி இன்டெக்ஸரா இருந்து ஒண்ணுல மட்டும் உருவாக்கிட்டு மத்ததை மறந்துட்டா அதுதான் பெரிய தலைவலி, ஏன்னா ஃபார்வேர்டர் ஒரே இன்டெக்ஸர்கிட்ட நிக்காது, டீஃபால்ட்டா 30 செகண்டுக்கு ஒரு தடவ ஆள மாத்திக்கும், அதனால கொஞ்ச நேரம் லாக் வரும், கொஞ்ச நேரம் வராது, கிராஃப்ல பாத்தா பல் விழுந்த சீப்பு மாதிரி தெரியும்.

மூணாவது காரணம், லாக் சரியாவே வந்து உக்காந்திருக்கு, உங்களுக்குத்தான் தெரியல. உங்க ரோல்ல அந்த இன்டெக்ஸுக்கு அனுமதி இல்லன்னா தேடினா ஒண்ணும் வராது, எரர் கூட வராது. அனுமதி இருந்தும் டீஃபால்ட்டா தேடற இன்டெக்ஸ் லிஸ்ட்ல இல்லன்னா, இன்டெக்ஸ் பேரு குடுக்காம வெறும் வார்த்தையா தேடும்போது வராது. டைம்ஸோன் தப்பா இருந்து ஈவன்ட் எல்லாம் நாளைய நேரத்துல போய் உக்காந்திருந்தாலும் கடைசி 15 நிமிஷத்துல தெரியாது. ஆல் டைம் வச்சு ஒரு தடவ தேடிட்டு அப்பறமா காணோம்னு முடிவு பண்ணுங்க.

இப்ப கலந்து வர்ற ஃபைலுக்கு வருவோம், ஏன்னா நீங்க ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ் எழுதினதை வச்சு பாத்தா உங்க அப்ளிகேஷன் லாக்லயே ஆடிட் சம்பந்தப்பட்ட வரியும் வருதுன்னு நினைக்கறேன். அப்படின்னா இது நியாயமான தேவைதான், இன்புட்ஸ்ல முடியாது, இன்டெக்ஸர்லயோ ஹெவி ஃபார்வேர்டர்லயோதான் பண்ணணும். ப்ராப்ஸ்.கான்ஃப்ல அந்த சோர்ஸ்டைப் பேருல ஒரு ஸ்டான்ஸா, அதுக்குள்ள ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்னு முழுக்க பெரிய எழுத்துல எழுதி ஹைஃபன் போட்டு உங்களுக்குப் பிடிச்ச ஒரு பேரு, அது ஈக்குவல் டு ட்ரான்ஸ்ஃபார்ம்ஸ்.கான்ஃப்ல இருக்கற ஸ்டான்ஸாவோட பேரு. அங்க 3 வரி, ரெஜெக்ஸ், டெஸ்ட் கீ (டெஸ்டினேஷனோட சுருக்கம், சோதனை இல்ல), ஃபார்மட். டெஸ்ட் கீல அண்டர்ஸ்கோர் மெட்டாடேட்டா கோலன் இன்டெக்ஸ்னு எழுதணும், இதுல மெட்டால எம், டேட்டால டி, இன்டெக்ஸ்ல ஐ மூணும் பெரிய எழுத்து, ஒண்ணு மாறினாலும் எடுபடாது, எரரும் கண்ணுக்குத் தெரியற மாதிரி வராது. ஃபார்மட்ல டாலர் கில்லர் எதுவும் வேண்டாம், போக வேண்டிய இன்டெக்ஸ் பேரு மட்டும். பொருந்தாத வரி எல்லாம் இன்புட்ஸ்ல ஒட்டின சீட்டு எதுவோ அங்கயே போகும், அதனால இன்புட்ஸ்ல பெரும்பான்மை லாக்குக்கான இன்டெக்ஸைப் போட்டுட்டு விதிவிலக்கை மட்டும் ரெஜெக்ஸ்ல பிடிங்க. ரெஜெக்ஸை வரியோட ஆரம்பத்துக்கே கட்டி வைங்க, ஒவ்வொரு ஈவன்ட் மேலயும் ஓடப் போறது, தொளதொளன்னு எழுதினா இன்டெக்ஸரோட சிபியு மேல ஏறும். ஒரே வரில கமா போட்டு ரெண்டு மூணு ட்ரான்ஸ்ஃபார்ம் குடுத்தா இடது பக்கத்துல இருந்து வரிசையா ஓடும், ரெண்டு பொருந்தினா கடைசியா எழுதினதுதான் நிக்கும். இன்டெக்ஸரை ரீஸ்டார்ட் பண்ண மறந்துடாதீங்க. அப்பறம் ஃபார்வேர்டர்ல எழுதி வச்ச அந்தப் பழைய ப்ராப்ஸ், ட்ரான்ஸ்ஃபார்ம்ஸை அழிச்சிடுங்க, வேலை செய்யலன்னாலும் அடுத்து வர்றவரைக் குழப்பும்.

4 இன்டெக்ஸ் சரியான எண்ணிக்கைதானான்னு நீங்க கேக்கல, ஆனா சொல்லணும்னு தோணுது. எத்தனை நாள் வச்சிருக்கணும், யார் பாக்கலாம், இந்த ரெண்டும் மாறினா மட்டும் தனி இன்டெக்ஸ். லாக்கோட ஃபார்மட் மாறினா அதுக்கு சோர்ஸ்டைப் இருக்கு, சர்வர் மாறினா ஹோஸ்ட் இருக்கு, அதுக்கெல்லாம் இன்டெக்ஸ் பிரிக்க வேண்டாம். ஆடிட் லாக் மெயின்ல வெப் லாக் கூட கலந்து இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு இன்டெக்ஸுக்கு ரெண்டு எல்லை இருக்கு, காலம் ஒண்ணு, சைஸ் ஒண்ணு. டீஃபால்ட் காலம் 188697600 செகண்ட், கிட்டத்தட்ட 6 வருஷம், டீஃபால்ட் சைஸ் 500000 எம்பி, எது முதல்ல வருதோ அது. வெப் லாக் கொட்டிட்டே இருக்கும், சைஸ் சீக்கிரம் நிரம்பிடும், நிரம்பினதும் பழைய பக்கெட்டை (இன்டெக்ஸுக்குள்ள லாக்கைச் சேமிக்கற ஃபோல்டர்) ஸ்ப்ளங்க் வெளிய தள்ளும், தள்ளினதை எடுத்து வைக்க ஃப்ரோஸன் டைரக்டரி எதுவும் நீங்க குடுக்கலன்னா தள்ளறதுன்னா அழிக்கறதுன்னு அர்த்தம். அந்த பக்கெட்ல உங்க ஆடிட் லாக்கும் சேர்ந்து போயிடும். 6 வருஷம் இருக்கும்னு நம்பிட்டு இருப்பீங்க, 3 மாசத்துல போயிருக்கும். தப்பான இன்டெக்ஸ்ங்கறது வெறும் தேடறதுக்கு அசௌகரியம்னு நினைக்காதீங்க, தேவைப்படற அன்னைக்கு லாக் இல்லாம போறதுதான் அதோட உண்மையான விலை.

திருத்தினதை எப்படி சோதிக்கறதுன்னா, 40 சர்வருக்கும் ஒரேயடியா தள்ளாதீங்க. ஒரு சர்வருக்கு மட்டும் தனி சர்வர் கிளாஸ் வச்சு ஆப்பை இறக்குங்க, அந்த சர்வர்ல லாகர்னு ஒரு கமாண்ட் லினக்ஸ்லயே இருக்கு, அதுல ஹைஃபன் பி போட்டு ஆத்பிரிவ் டாட் இன்ஃபோனு குடுத்து, வேற எங்கயும் வராத ஒரு வார்த்தையை உங்க பேரும் நேரமும் சேர்த்து எழுதி என்டர் தட்டுங்க. அது செக்யூர் ஃபைல்ல போய் விழும், டெபியன் குடும்பமா இருந்தா ஆத் லாக்ல விழும். டெய்ல் போட்டு ஃபைல்ல வந்துடுச்சான்னு கண்ணால பாத்துட்டு, ஸ்ப்ளங்க்ல இன்டெக்ஸ் ஈக்குவல் டு ஸ்டார்னு குடுத்து அதே வார்த்தையைத் தேடுங்க. ஃபைல்ல இருந்து ஸ்ப்ளங்க்ல இல்லன்னா பிரச்சனை வழில, ஃபைல்லயே இல்லன்னா பிரச்சனை சர்வரோட சிஸ்லாக் அமைப்புல. ஃபார்வேர்டர் உயிரோட இருக்கான்னு பாக்கணும்னா அண்டர்ஸ்கோர் இன்டர்னல் இன்டெக்ஸ்ல அந்த ஹோஸ்ட் பேரைத் தேடுங்க, ஃபார்வேர்டர் தன்னோட சொந்த லாக்கை அங்க அனுப்பிட்டே இருக்கும். அது வந்துட்டு இருந்து உங்க லாக் வரலன்னா நெட்வொர்க்கைக் குறை சொல்ல வேண்டாம், இன்புட்ஸ், பர்மிஷன், இன்டெக்ஸ் பேரு, இந்த மூணுக்குள்ளதான் இருக்கு. எல்லா சர்வருக்கும் போனதுக்கு அப்பறம் டீஸ்டாட்ஸ்ங்கற தேடல் கமாண்ட்ல கவுண்ட்டை இன்டெக்ஸ், ஹோஸ்ட், சோர்ஸ்டைப் மூணாலயும் பிரிச்சு கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஓட்டுங்க, சில செகண்ட்ல மொத்தப் படமும் ஒரு டேபிள்ல வந்துடும், மெயினுக்கு நேரா இன்னும் எந்த ஹோஸ்ட் நிக்குதுன்னு அதுல பாத்துக்கலாம்.

மெயின்ல ஏற்கனவே விழுந்ததை மாத்தற வழி இருக்கான்னு கடைசில ஒரு வரி கேட்டிருந்தீங்க. எழுதி முடிச்ச ஈவன்ட்டோட இன்டெக்ஸை மாத்த முடியாது, டெலீட் கமாண்ட் கூட தேடல்ல இருந்து மறைக்குமே தவிர டிஸ்க் இடத்தைத் திருப்பித் தராது. ஃபைலைத் திரும்பப் படிக்க வைக்கலாம், படிச்சது எதுவரைன்னு ஃபிஷ்பக்கெட்ல குறிச்சு வச்சிருக்கும், ஃபார்வேர்டரை நிறுத்திட்டு பிடிப்ரோப் கமாண்ட்ல அந்த ஒரு ஃபைலோட குறிப்பை மட்டும் ரீசெட் பண்ணா முதல்ல இருந்து படிக்கும், ஆனா லைசன்ஸ்ல இன்னொரு தடவ கணக்காகும், மெயின்லயும் புது இன்டெக்ஸ்லயும் ரெண்டு காப்பி இருக்கும். ஓஎஸ், வெப் லாக்குக்கு நான் இதைப் பண்ண மாட்டேன், மெயின்ல இருக்கறது அங்கயே காலம் முடிஞ்சு போகட்டும், அதுவரைக்கும் ரெண்டு இன்டெக்ஸையும் சேர்த்துத் தேடற மாதிரி ஒரு மேக்ரோ (பேரு வச்சு சேமிச்ச தேடல் துண்டு) வச்சுக்கலாம். ஆடிட் லாக்குக்கு மட்டும் பண்ணுவேன், அதுவும் பர்மிஷன்தான் காரணம்னா ஃபிஷ்பக்கெட்டைத் தொடவே வேண்டாம், ஃபார்வேர்டர் அதை இதுவரைக்கும் படிச்சதே இல்லங்கறதால பர்மிஷன் கிடைச்சு ரீஸ்டார்ட் ஆனதும் தானே முதல்ல இருந்து எடுத்துக்கும், ரொட்டேட் ஆன பழைய ஃபைல்களும் வேணும்னா ஸ்டான்ஸா பாத்துல ஃபைல் பேருக்கு அப்பறம் ஒரு ஸ்டார் சேர்த்துக்கங்க. அந்த ஃபைல்கள் ரொட்டேஷன்ல அழியறதுக்கு முன்னாடி இதைப் பண்ணணும், அதனால மத்த எல்லாத்துக்கும் முன்னாடி இன்னைக்கே அந்த சர்வர்கள்ல போய் ஆடிட் டைரக்டரில எத்தனை பழைய ஃபைல் மிச்சம் இருக்குன்னு பாத்து, அதை ஒரு பக்கமா காப்பி எடுத்து வச்சிடுங்க. மெயினுக்குப் போற சர்வர் ஒண்ணோட பிடூல் வரிகளையும், நடுவுல ஹெவி ஃபார்வேர்டர் இருக்கா இல்லையாங்கறதையும் இங்க போட்டீங்கன்னா, ஊகமா சொன்னதை எல்லாம் உறுதியா சொல்லிடறேன்.